அப்பா கொண்டுவந்த கற்களுக்கு ஒரு மிஷின்

என் அப்பாவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் மூச்சு விடச் சிரமம் இல்லை என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். உன்னிடம் நான் அதிகம் பேசியதே இல்லை. மத்தியப் பிரதேசத்தில் பெயர் தெரியாத ஏதோ ஒரு கொல்லையில், ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டிச் சத்தத்துக்கு நடுவே நின்று நீ ஃபோனில் கத்துவாய். நான் "ம்" என்பேன், "சாப்ட்டியா" என்பேன், அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். எழுதும்போது கொஞ்சம் கூடுதலாகப் பேச வருகிறது.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். கல் தேய்த்துப் பாலிஷ் போடுகிற மிஷின் ஒன்று வாங்கிவிட்டேன். பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தகரக் கூரையின் கீழே இருக்கிறது. அதை வாங்கியது பெரிய கதை. வாங்கிய பிறகு நடந்தது அதைவிடப் பெரிய கதை. அம்மா உன்னிடம் அவள் பக்கத்தை மட்டும் சொல்லியிருப்பாள். தினமும் உன் படத்துக்கு முன்னால் நின்று முணுமுணுக்கிறாள், எனக்குத் தெரியும்.

நான் காலேஜில் நிலவியல் சேர்ந்ததற்குக் காரணம், அந்தப் பிரிவில்தான் இடம் இருந்தது. அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் உனக்கு அது போதவில்லை. "எம் பொண்ணு கல்லு படிக்கிது" என்று வண்டி முழுக்கச் சொல்லி வைத்தாய். கல்லைப் படிக்க ஒரு காலேஜா என்று உன் கூட்டாளிகள் சிரித்ததையும் நீயே சொல்லிச் சிரித்தாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் உன் பையில் துணியைவிடக் கல்தான் அதிகம் இருந்தது. போர் போடுகிற இடத்தில் மண்ணில் கிடந்தது, ஆற்றோரம் கால் கழுவப் போன இடத்தில் கிடைத்தது. வெளியே எல்லாம் உருளைக்கிழங்கு மாதிரி அழுக்காக இருக்கும். கையில் கொடுத்து, "உள்ள இன்னா இருக்குது சொல்லு" என்பாய். நான் தலையைக் குனிந்துகொண்டு, அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்பேன். "அப்ப அறுக்கலாம்" என்பாய். அடுத்த நாளே பஸ் ஏறிவிடுவாய்.

பிறகு உனக்கு இருமல் வந்தது. சளி என்றார்கள், டி.பி. என்றார்கள், கடைசியில் கல் தூசி என்றார்கள். தண்ணீர் வருகிற வரைக்கும் போர் வண்டி கக்குகிற அந்த வெள்ளைப் புகையில் எத்தனை வருஷம் நின்றிருக்கிறாய். எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரேவைத் தூக்கிக் காட்டினார். பனி விழுந்த மாதிரி இருந்தது. நீ அதைப் பார்த்துவிட்டு என்னிடம், "பாப்பா, நீ படிச்ச கல்லு தான இது" என்று கேட்டாய். என்னைச் சிரிக்க வைக்கத்தான் கேட்டாய். எனக்குச் சிரிக்க வரவில்லை.

உன் காரியம் முடிந்த அன்று அம்மா ஒரே ஒரு சட்டம் போட்டாள். இந்த வீட்டுக்குள் இனிமேல் கல் தூசி வரக்கூடாது. உன் வேலைத் துணி ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. நீ கொண்டுவந்த கற்களையும் பழைய பெயிண்ட் வாளியில் போட்டு, தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். கொட்டிவிடவில்லை. ஏன் கொட்டவில்லை என்று நான் கேட்கவும் இல்லை.

இப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு டைல்ஸ், கிரானைட் கடையில் பில் போடுகிறேன். கடை வாசலில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டரில் கல் அறுப்பார்கள். அந்தப் பக்கம் புகை கிளம்பினால் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு உள் அறைக்குப் போய்விடுவேன். பயந்தாங்கொள்ளி என்று பெயர். முதலாளிக்கு உன் சங்கதி தெரியும், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். நான் கல் படித்தவள் என்றும் தெரியும். ஒருநாள் ஒரு பழைய கட்டரைத் துடைத்து மேஜைமேல் வைத்து, "சும்மா கெடக்குது, எடுத்துக்கினு போம்மா, உங்கப்பா கல்லெல்லாம் அறுத்துப் பாரு" என்றார். நல்ல மனுஷர். நான் நன்றி சொல்லிவிட்டு அதை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அந்தக் கட்டரோடு வீட்டுப்படி ஏறியிருந்தால் அம்மா என்னையும் கட்டரையும் சேர்த்துத் தெருவில் நிறுத்தியிருப்பாள்.

ஆனால் அவர் சொன்னது மண்டைக்குள் நின்றுவிட்டது. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஃபோனில் அதையே பார்த்தேன். எத்தனை வகை மிஷின் இருக்கிறது தெரியுமா? வட்டமான பிளேடு சுற்றி, கல்லை ரொட்டி மாதிரி துண்டு போடுகிற மிஷின் இருக்கிறது. பெரிய கல்லுக்கு அது நல்லது, ஆனால் எண்ணெய் ஊற்ற வேண்டும், இடமும் கரண்டும் அதிகம் கேட்கும். ஒரே தண்டில் வரிசையாகச் சக்கரம் மாட்டிய மிஷின் ஒன்று, அதுதான் பார்க்க அழகு. உருளைக்குள் கல்லையும் மண்ணையும் தண்ணீரையும் போட்டு வாரக்கணக்கில் உருட்டுகிற மிஷினும் உண்டு. ஷேர் ஆட்டோவில் வரும்போது அதை மாமாவிடம் காட்டினேன். மாமா சிரித்த சிரிப்பில் ஷேர் ஆட்டோவே ஆடியது. "இதுக்கா காசு குடுக்கப் போற? உங்கம்மா கிரைண்டர்ல போட்டு ஆட்டு. பொழுது வுடிஞ்சா கல்லு பாலிஷ், அப்பிடியே இட்லிக்கி மாவு."

எனக்கு ஒரே கேள்விதான். இந்தக் கற்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? விற்கவா, மோதிரக் கல் செய்யவா? அப்படி எதுவும் இல்லை என்று மெதுவாகத்தான் புரிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குக் கல்லை இரண்டாகப் போடக்கூட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சமமாகத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் ஜன்னல் வைத்த மாதிரி உள்ளே தெரியும். மற்ற பக்கமெல்லாம் நீ எடுத்தபோது இருந்த மாதிரியே இருக்கும். அதற்குச் சின்ன மிஷின் போதும். படுத்த வாக்கில் ஒரு தட்டு சுற்றும், மேலே ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும், தட்டின்மேல் கல்லைப் பிடிக்க வேண்டும். சொரசொரப்பான தட்டில் தொடங்கி, வழவழப்பான தட்டு வரைக்கும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வீடியோவை அம்மாவிடம் காட்டினேன். முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "தண்ணி ஊத்திக்கினே தேச்சா தூசி வராதா?" என்று கேட்டாள்.

"வராதும்மா. சேறாத்தான் வழியும்."

"உங்கப்பா மேல சத்தியமா?"

சத்தியம் செய்தேன் அப்பா. கீரைக்காம்பு ஒட்டிய அவள் கையில் அடித்து, உன்மேல் சத்தியம் செய்தேன். அவள் மறுபடியும் கீரை உருவ ஆரம்பித்தாள். அதுதான் அவளுடைய சம்மதம்.

உளுந்தூர்பேட்டை போய் அங்கிருந்து திருச்சி பஸ் பிடித்தோம், மாமாவும் நானும். திருச்சியில் கல் பட்டை தீட்டுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற ஒரு கடை. கடைக்காரர் மாமாவைப் பார்த்தே பேசினார். சக்கரம் வரிசையாக மாட்டிய பெரிய மிஷினைத் தட்டிக் காட்டி, இதை எடுத்தால் நாளைக்கே தொழில் ஆரம்பிக்கலாம் என்றார். மாமாவுக்கு அது பிடித்துவிட்டது. எங்கள் வீட்டு வோல்டேஜுக்கு அது பாதிதான் சுற்றும் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. மூலையில் தூசி படிந்து கிடந்த சின்னத் தட்டு மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதைக் கவனித்துவிட்டு, "அது பழகுற புள்ளைங்க ஓட்டறதுங்க" என்றார் கடைக்காரர். பிறகு மனமில்லாமல் தூக்கி மேலே வைத்துப் பிளக்கைச் செருகினார். தண்ணீர் இல்லாமல் ஒரு கல்லை எடுத்து அப்படியே தட்டில் வைக்கப் போனார். வெறும் ஓட்டம் காட்டத்தான்.

"தண்ணி ஊத்துங்க" என்றேன்.

"கடையெல்லாம் நசநசன்னு ஆவும்மா. ச்சும்மா ட்ரையா காட்டறேன்."

"ட்ரையா வேணாங்க. தண்ணி எந்தப் பக்கம் விழுது, வடிஞ்சி எங்க போவுது, அத்தப் பாக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். பிறகு ஒரு பாட்டில் தண்ணீர் வந்தது. தட்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், அதன் அடியில் ஒரு குழாய், குழாயின் முடிவில் ஒரு வாளி. தெறித்த தண்ணீரெல்லாம் கிண்ணத்துக்குள்ளேயே விழுந்து, பால் மாதிரி வாளிக்கு இறங்கியது. நான் மிஷினுக்குப் பின்னால் இருந்த சுவரை விரலால் தடவிப் பார்த்தேன். புதிதாக எதுவும் இல்லை. இதுதான் என்று தலையை ஆட்டினேன். திரும்பி வருகிற பஸ்ஸில் மாமா யார் யாருக்கோ ஃபோன் போட்டு, "எங்க கௌசி வாயத் தொறந்து பேசிச்சிப்பா, கடைக்காரனே பயந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மிஷினை நான் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

உன் கல்லை உடனே தொடக் கை வரவில்லை. பழகுவதற்கு வேறு கல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மலைமேல் இருக்கிற கரியாலூர் போனேன். ஓடையில் தண்ணீர் குறைவாக இருந்தது. கோழி முட்டை மாதிரி வெள்ளைக் கல் நிறைய கிடந்தது. சும்மா ஒரு பை பொறுக்கினேன். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அருவியைப் படம் எடுத்தார்கள், நான் குனிந்தே இருந்தேன். அந்த வெள்ளைக் கற்களைத்தான் ஒரு மாதம் போலத் தேய்த்தேன். விரல் நுனி தோல் போயிற்று. அழுத்திப் பிடித்தால் தட்டு நிற்கும், லேசாகப் பிடித்தால் கல் பறக்கும். மாஸ்க் போட்டுக்கொண்டேன். மேஜையை, தரையை, சுவரை ஈரத்துணியால்தான் துடைத்தேன். வாளியில் கீழே தங்கியதை மூடி போட்டு ஓரமாக வைத்தேன். நிறைந்தால் குழி தோண்டிப் புதைக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. சேறாக வரும் என்று சொன்ன நான், அந்தச் சேறு காய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை.

ஆவணியில் உன் வருஷம் திரும்பியது. படையல் போட்டோம், உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் வைத்தோம். நம் தெருவில் உனக்குத் தெரியுமே, இழவு விழுந்த வீட்டு வாசலில் வருஷம் திரும்பும் வரை கோலம் கிடையாது. ஒரு வருஷமாக நம் வாசல் வெறும் சாணித் தெளிப்போடு கிடந்தது. பண்டிகை நாளில் இரண்டு பக்கமும் கலர் கலராக இருக்கும்போது நடுவில் நம் வீடு மட்டும் வாய் மூடிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.

உன் படையலுக்கு மறுநாள் காலையில் வாசலில் சரசரவென்று சத்தம் கேட்டு எழுந்து போனேன். அம்மா குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய கோலம். யாரையும் கூப்பிடவில்லை, தானாகவே போட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது அப்பா. ஒரு நிமிஷம் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. கோடு அவ்வளவு மெல்லியதாக, அவ்வளவு வெள்ளையாக இருந்தது. அப்போதுதான் அவள் பக்கத்தில் இருந்த கோலமாவுத் தட்டைப் பார்த்தேன். என் வாளியில் தங்கியதை எடுத்து, தகரத்தில் பரப்பி வெயிலில் காய வைத்து, சலித்து வைத்திருக்கிறாள். அவள் விரல் இடுக்கிலிருந்து மாவு விழும்போது, விழாத பாதி, புகை மாதிரி அவள் முகத்துக்கு நேராக ஏறிக்கொண்டிருந்தது.

"ம்மா, மூச்சு வுடாத!"

தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். நான் கத்தி யாரும் கேட்டதில்லை. தெளிக்க வைத்திருந்த வாளித் தண்ணீரைத் தூக்கிக் கோலத்தின்மேல் கொட்டினேன். தட்டிலும் கொட்டினேன். அவள் கையைப் பிடித்து இழுத்து அதன்மேலும் ஊற்றினேன். எதிர்வீட்டு அக்கா விளக்குமாற்றோடு நின்று, "இன்னாடி கௌசி, மொத கோலத்தப் போயி அழிக்கிற?" என்று கேட்டார். அம்மா புடவை நனைந்து, கை நனைந்து, அப்படியே என்னைப் பார்த்தாள்.

உள்ளே வந்து சொன்னேன். காய்ந்தால் இதுவும் அதே தூசிதான், போர் வண்டித் தூசியைவிட இன்னும் நைஸ், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போகும் என்று.

"தெருவுல அத்தினி பேரும் கல்லு மாவுலதான கோலம் போடறாளுங்க. எல்லாருமா செத்துட்டாளுங்க?"

அது சுண்ணாம்பு மாதிரிக் கல், இது வேறு, இதுதான் அப்பாவுக்குள் இருந்தது என்றேன்.

"வெள்ள வெளேர்னு மாவாட்டம் சேந்துகினு கெடந்துச்சி. கொட்ட மனசு வர்ல." பிறகு, "தூசியே வராதுன்னு அந்தாளு மேல சத்தியம் பண்ண" என்றாள்.

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அன்றைக்கு நான் வேலைக்குப் போய்த் திரும்பியபோது மிஷினில் தட்டு இல்லை. எல்லாத் தட்டையும் கழற்றித் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவி இடுப்பில். சோறு போட்டாள், பேசவில்லை. மாமா வந்து சமாதானம் செய்யப் பார்த்தார். "நம்ம அப்பன் வூட்டுச் சொத்தா இன்னா, தட்ட எடுத்துக் குடுக்கா" என்றதற்கு, "நீ வாய மூடிக்கினு காப்பிய குடி" என்று பதில் வந்தது. எனக்கும் கேட்க மனம் இல்லை. மிஷினே வேண்டாம், விற்றுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவள் ஒரு வருஷம் கழித்து வாசலில் குனிந்து போட்டதை நான் அழித்துவிட்டேன், அதுதான் திரும்பத் திரும்பக் கண்ணில் நின்றது.

ஒரு சாயங்காலம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள், என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"ஏன் பாப்பா. உங்கப்பா வடக்கேருந்து வந்தா மூட்டத் துணி கொண்டாருவாரு இல்ல. நானு தண்ணியில முக்கறதுக்கு முன்ன, கதவாண்ட நின்னு ஒதறு ஒதறுன்னு ஒதறுவேன். வூடே வெளுத்துப் போவும். நீ சின்னப் புள்ளையா பக்கத்துல ஒக்காந்துகினு இருப்ப." கையிலிருந்த துணியை மடித்தாள். "அப்ப அது?"

நான் பயத்தை மிஷினைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அத்தனை நாளாக அதை உன் துணித் தூசியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பேசாமல் இருந்தது கோபத்தால் என்று நான் நினைத்தேன். கோபம் கொஞ்சம்தான். மீதி முழுக்க இந்தக் கேள்வி. தன்னைப் பற்றிக்கூட இல்லை, என்னைப் பற்றி.

கடையில் லீவு சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஆஸ்பத்திரி போனோம். உனக்குக் காட்டிய அதே டாக்டர் இல்லை, சின்ன வயசு லேடி டாக்டர் ஒருவர். இரண்டு எக்ஸ்ரேவையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறது, வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார். அம்மா நம்பவில்லை. "பனி மாதிரி எதுனா இருக்குதாம்மா, நல்லாப் பாருங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அந்த டாக்டர் எழுந்து வந்து அவள் விரலைப் பிடித்து எக்ஸ்ரேமேல் வைத்து, "இது எலும்பு, இது இருதயம், இந்தக் கறுப்பெல்லாம் காத்து" என்று சொல்லிக் காட்டினார். பஸ் ஸ்டாண்டில் அம்மா எனக்கு ஒரு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தாள். தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாதியை வாங்கிக் குடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து தட்டுகளை எடுத்து மிஷின்மேல் வைத்தாள். வாளியைக் காட்டினாள். "அன்னன்னிக்கி வர்றத அன்னன்னிக்கே ஈரமா பொதச்சிடணும். நானே குழி வெட்டி வெக்கறேன். ஒரு நாளு காஞ்சிகினு கெடந்துச்சின்னு வெய்யி, மிஷினையும் சேத்துப் பொதச்சிடுவேன்." கொல்லையில் குழி வெட்டினாள். நான் வெட்டுகிறேன் என்று சொன்னதற்குக் கடப்பாரையைக் கொடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வாளியை டிரம்முக்குப் பின்னாலிருந்து இழுத்தேன். எதை எடுப்பது என்று தெரியாமல் கைக்கு வந்த ஒன்றை எடுத்தேன். கறுப்புத் தோல், ஒரு பக்கம் தட்டையானது, எந்த ஊரில் எடுத்தாய் என்று நினைவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டுத் தட்டில் பிடித்தேன். வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. தோல் மட்டும் கரைந்து வாளியில் சாம்பல் நிறமாக இறங்கியது. தட்டு மாற்றினேன், மறுபடியும் மாற்றினேன். அம்மா மிஷினிலிருந்து தள்ளி, கதவருகே மோவாயில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். போதும், காட்டு என்று நிறுத்தச் சொன்னாள். கல்லைக் கழுவி அவள் கையில் கொடுத்தேன்.

உள்ளே கோடு கோடாக இருந்தது அப்பா. தேன் நிறம், அதைச் சுற்றி ஒரு வெள்ளை, அதைச் சுற்றி நீலம் போல ஒன்று, நடுவில் கடுகளவுக்கு ஓர் இடம் மட்டும் வெறுமையாக, அதற்குள் கண்ணாடி மாதிரி முள் முள்ளாக. காலேஜில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தது இது மாதிரிதான். இது நம் வீட்டில் டிரம்முக்குப் பின்னால் கிடந்திருக்கிறது.

அம்மா அதைச் சூரியன் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் இல்லை, உன்னிடம்தான் பேசினாள்.

"உள்ள இன்னா இருக்குதுன்னு தெரியாமயேவா இத்தினி தூரம் தூக்கினு வந்த?"

அவள் கேட்டதை உனக்கு அப்படியே எழுதியிருக்கிறேன். பதில் இருந்தால் அவளுக்கே சொல், எனக்கு வேண்டாம்.

நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு இதுதான். வாளியில் இருக்கிற ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பக்கம் மட்டும் திறப்பேன், எதையும் உடைக்க மாட்டேன். உன் வீட்டில் எந்தச் சேறும் காயாது. அம்மாவை வருஷா வருஷம் எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப் போவேன், அவள் திட்டினாலும். அந்தப் படத்தில் கறுப்பாக இருப்பது கடைசி வரைக்கும் காற்றாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வேன்.

நீ தூக்கி வந்ததைத் திறந்து பார்த்துவிட்ட
உன் பாப்பா,
கௌசல்யா